முப்பத்தொன்பதாவது சீட்டு

உட்காருங்கள் அக்கா, இங்கே ஆள் இல்லை. இலைக்கட்டைக் கீழே வைக்காதீர்கள், ஏறுகிறவர்கள் மிதித்துவிடுவார்கள். மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். என் மேல் பட்டால் பரவாயில்லை, வாழையிலைதானே. கல்யாண வீட்டுக்கா? ஓ, உங்கள் சாப்பாட்டுக் கடைக்கா. சரி, சரி.

நான் கிருபாபுரம் விலக்கில், ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தில், இறங்க வேண்டும். இந்த வண்டி அங்கே நிற்காதாம். டிக்கெட் கொடுக்கும்போதே கண்டக்டர் சொல்லிவிட்டார். "விலக்குல ஸ்டாப்பிங் கிடையாதும்மா. சரி, ஒத்த ஆளு, நிப்பாட்டுதேன். ஊரச் சொல்லிக் கூப்புடுவேன், உடனே வாசலுக்கு வந்துரணும், என்ன?" நல்ல மனிதர். இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்.

நான் பொதுவாக யாரிடமும் இப்படிப் பேசுகிறவள் இல்லை அக்கா. கல்லூரியில் சேர்ந்து ஒரு வாரம்வரை பக்கத்தில் உட்கார்ந்த பெண் என்னை ஊமை என்றே நினைத்தாளாம். எம்.ஏ. வரை அப்படியே முடித்துவிட்டேன். நீங்கள்தான் 'எங்க போற பிள்ள, முகமெல்லாம் வாடிக் கெடக்கு' என்று கேட்டுவிட்டீர்கள். கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது.

ஒரு ஆறுதல் ஜெபத்துக்குப் போகிறேன். எங்களில் ஒருவர் இறந்துபோனால் அடக்கம் முடிந்து பத்துப் பதினைந்து நாளில் வீட்டில் கூடி ஜெபம் செய்வோம். பெர்சியாள் என்று ஒரு பிள்ளை. பதின்மூன்று வயது. எங்கள் போர்டிங்கில் படித்தவள். நான் அங்கே உதவி வார்டன். சம்பளம் பெரிதில்லை, தங்கும் அறையும் சாப்பாடும் உண்டு. போன நவம்பரில் அவளை போர்டிங்கை விட்டு அனுப்பினார்கள். வடக்கே கடற்கரையில் ஒரு இறால் கம்பெனிக்கு ஊரிலிருந்து பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற ஏஜென்ட் ஒருவன், பதினெட்டு வயது என்று எழுதிக் கூட்டிப்போனான். நாள் முழுவதும் ஐஸ் தண்ணீரில் நின்று இறால் உரிக்க வேண்டுமாம். மூன்று நாள் காய்ச்சல் என்று சொன்னார்கள். பிறகு பெட்டி வந்தது.

அவளுடைய அப்பா தாசன் எனக்குத்தான் போன் செய்தார். பனையேறி. இரண்டு வருஷம் முன்னால் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"மிஸ், நீங்க வரணும். வந்து நீளமால்லாம் ஜெபிக்க வேண்டாம். ஒண்ணே ஒண்ணு சொல்லணும். எம்பிள்ள அந்தப் பழத்த எடுத்தாளா, எடுக்கலையா? கூட வேல பாத்த பிள்ளைகள் சொல்லுதுவ, காய்ச்சல்ல கெடக்கும்போது 'நான் எடுக்கல, நான் எடுக்கல'ன்னே சொல்லிக்கிட்டுக் கெடந்தாளாம். இங்க ஊரே அவளக் களவாணின்னு சொன்னுச்சு. நானும் சொன்னேன் மிஸ். சொல்லி அடிச்சேன். பத்து பேரு இருக்கும்போது நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க. எதுவானாலும் சரி."

ஒரு வார்த்தை. வார்டனம்மாவுக்கு மூட்டுவலி. "நீ போயிட்டு வா எப்சி, நாலு வார்த்தை பேசி ஜெபம் பண்ணிட்டு வந்துரு" என்று என்னை அனுப்பிவிட்டார்கள். என் பெயர் எப்சிபா.

என்ன பழம் என்கிறீர்களா? மாதுளம்பழம் அக்கா. ஒரே ஒரு மாதுளம்பழம்.

எங்கள் வார்டனம்மா லில்லிபாய் கெட்டவர்கள் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் பேன் பார்ப்பார்கள், தன் கையால் கசாயம் வைத்துக் கொடுப்பார்கள். ஆனால் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். போர்டிங் முற்றத்தின் நடுவில் ஒரு மாதுளை வைத்தார்கள். மூன்று வருஷம் பூத்துப் பூத்து உதிர்ந்தது. நான்காவது வருஷம் ஐந்து காய் நின்றது. ஐந்தையும் அறுப்பின் பண்டிகைக்கு என்று நேர்ந்துவிட்டார்கள். அது எங்களுக்குப் பொங்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைப்போம். அதற்கு முன்னால் வீட்டில் யாரும் வாயில் வைக்கக் கூடாது.

பழைய யூனிபார்மைக் கிழித்து நீலத் துணியில் ஐந்து பை தைத்து, ஒவ்வொரு காய்க்கும் மாட்டி, நூலால் கட்டினோம். அணில் கடிக்காமல் இருக்க. வார்டனம்மா பிள்ளைகளை முற்றத்தில் நிற்க வைத்துச் சொன்னார்கள். "ஏட்டி, கொய்யா இருக்கு, நெல்லி இருக்கு, பப்பாளி இருக்கு. எதையும் தின்னுங்க, நான் கேக்க மாட்டேன். இந்த ஒரு மரத்துப் பக்கம் மட்டும் போகக் கூடாது." சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். அவர்களுக்கே அது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்திருக்கும். எனக்கும்தான்.

அந்த வாரம் காலை வேதபாடத்தில் நான் ஆதியாகமம் நடத்திக்கொண்டிருந்தேன். உங்களுக்குக் கதை தெரிந்திருக்கும். ஆதாம், ஏவாள், பாம்பு, தோட்டத்தின் நடுவில் நன்மை தீமை அறியத்தக்க மரம். ஆப்பிள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், வேதத்தில் ஆப்பிள் கிடையாது, கனி என்று மட்டும்தான் இருக்கிறது. பெர்சியாள் முதல் வரிசை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கேட்பாள். கேட்டுக்கொண்டிருந்தவள் கையைத் தூக்கினாள்.

"மிஸ், ஆண்டவர் படைச்சதெல்லாம் நல்லதுன்னு சொன்னாருல்லா?"

"ஆமா."

"பாம்பையும் அவருதான் படைச்சாரு?"

"ஆமா."

"அப்போ பாம்பும் நல்லதுதான. பிறகு அதுக்குள்ள கெட்டது எங்க இருந்து மிஸ் வந்துச்சு?"

பின்னால் ஒருத்தி, "வயலு வழியா வந்துச்சுட்டி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. எனக்கு ஐயர் முன்னால் பேச வராது.

அவள் விடவில்லை. "தின்னுட்டு ரெண்டு பேரும் மரத்துக்கு இடையில ஒளிஞ்சிக்கிட்டாங்கல்லா. அவரு 'எங்க இருக்க'ன்னு கூப்புடுதாரு. அவருக்குத் தெரியாதா மிஸ் எங்க இருக்கான்னு?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும். "தெரியும் பெர்சி. தெரிஞ்சுதான் கேட்டாரு. அவனே வெளியே வந்து சொல்லட்டும்னு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தாரு." நன்றாகச் சொன்னேன் இல்லையா? ஜன்னல் ஓரம் நின்ற வார்டனம்மாகூடத் தலையை ஆட்டினார்கள். ஆனால் வகுப்பு முடிந்ததும் என்னிடம், "அந்தப் பிள்ளைக்கு வாய் கூடிப்போச்சு. பாம்புக்கு வக்காலத்து வாங்குது" என்றார்கள். அதைத்தான் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். வார்டனம்மா மனதில் அவள் பெயர் அன்றைக்கே விழுந்துவிட்டது. சீட்டில் விழுந்தது பிறகுதான்.

புதன்கிழமை காலை ஒரு பை வெறுமையாகத் தொங்கியது. கிழியவில்லை. உள்ளே பழம் இல்லாமல், நூல் பழையபடி கட்டியிருந்தது.

வார்டனம்மா மணியடித்து எல்லாரையும் வரவழைத்தார்கள். "எவட்டி எடுத்தது? இப்பவே சொல்லிட்டா மன்னிச்சிருவேன். ஆண்டவருக்குன்னு வச்சதத் திருடுன களவாணி எவ?" களவாணி என்ற சொல்லை வார்டனம்மா அந்த முற்றத்தில் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அந்த ஒரு சொல்லை அவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கும். நான் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. புதன் இரவு குழம்பு இல்லை, வெறும் கஞ்சி. வியாழன் கஞ்சி. வெள்ளிக்கிழமை கஞ்சியும் உப்பும். சின்னப் பிள்ளைகள் அழுதார்கள். ஞாயிறு பண்டிகை. அதற்குள் தீட்டைக் கழிக்க வேண்டும் என்று வார்டனம்மா திருவுளச்சீட்டு போடத் தீர்மானித்தார்கள்.

உங்கள் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பீர்களே, அதுபோலத்தான் அக்கா. பெயர்களை எழுதி மடித்துப் போட்டு, ஜெபித்து, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது. எடுத்தது ஆண்டவருடைய சித்தம். எங்கள் பக்கம் பிள்ளைக்குப் பெயர் வைக்க, இரண்டு வரனில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, எல்லாவற்றுக்கும் போடுவார்கள். எனக்கு எப்சிபா என்ற பெயரே சீட்டில் விழுந்ததுதான். திருட்டைக் கண்டுபிடிக்கப் போட்டு நான் பார்த்ததில்லை. "வேதத்துல யோனா ஆண்டவருக்குத் தப்பிக் கப்பல்ல ஏறி ஓடுனப்ப சீட்டுப் போட்டுத்தான கண்டுபிடிச்சாங்க?" என்றார்கள் வார்டனம்மா. அதுவும் உண்மைதான்.

எழுதச் சொன்னது என்னை. என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். பெர்சியாள் தண்ணீர்க் குடத்தோடு வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "மிஸ், எம்பேர மட்டும் பொடிசா எழுதுங்க. ஆண்டவர் கண்ணுல படாம இருக்கட்டும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எடுக்காத பிள்ளை. அதனால்தான் சிரிக்க முடிந்தது.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள். நான் முப்பத்தொன்பது சீட்டு மடித்தேன். முப்பத்தொன்பதாவதில் ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், வருகிறேன், நானே வருகிறேன்.

பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினார்கள். எல்லாரும் முழங்காலில் நின்றோம். எடுத்தது நேசமலர், ஆறாம் வகுப்பு, இருப்பதிலேயே சிறியவள். தினமும் காலையில் பெர்சியாள்தான் அவளுக்குத் தலை சீவிவிடுவாள். நேசமலர் சீட்டைப் பிரித்தாள், எழுத்துக் கூட்டினாள். "பெ... ர்... சி... பெர்சி அக்கா!" என்று கத்திவிட்டுச் சிரித்தாள். பரிசு விழுந்தது என்று நினைத்துவிட்டாள். கையைத் தட்டினாள் அக்கா. இரண்டு தட்டு தட்டிவிட்டு, மற்றவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"நான் எடுக்கலையே" என்றாள் பெர்சியாள்.

"அப்போ ஆண்டவர் பொய் சொல்லுதாரா?" என்றார்கள் வார்டனம்மா.

மறுநாள் காலையில் நான் அடிபம்பில் முகம் கழுவும்போது வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. அழுதுவிட்டு வந்து கேட்கிற மாதிரி இல்லை, பாடத்தில் சந்தேகம் கேட்க வருவாளே, அதே தலைச் சாய்ப்பு.

"மிஸ், திருவுளச்சீட்டு பொய் சொல்லாதுல்லா?"

நான் என்ன சொல்ல முடியும்? சொல்லாது என்றேன்.

"அப்போ நான் தூக்கத்துல எழுந்திரிச்சுப் போய்த் தின்னுருப்பேனோ?"

சிலருக்கு அப்படி நடப்பது உண்டு என்று சொன்னேன். அது பொய் இல்லை. கல்லூரியில் உளவியல் துணைப்பாடம் எடுத்தேன், அதில் இருக்கிறது.

எனக்குப் பம்பை அடித்துவிட்டாள். "இப்போ தெரிஞ்சிட்டு மிஸ், அன்னைக்குக் கேட்டம்லா. கெட்டது வெளிய இருந்து எங்க இருந்தும் வரல. நமக்கே தெரியாம நமக்குள்ளயே கெடக்கும்போல." பதின்மூன்று வயதுப் பிள்ளை சொல்கிற பதிலா அது? அதைப் பாடக்குறிப்பு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போதும் அந்தப் பாடம் நடத்தும்போது அதைத்தான் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் கோயிலில் ஆயத்த ஆராதனை. ஞாயிற்றுக்கிழமை நற்கருணைக்கு முந்தின நாள் அவரவர் பாவத்தை அறிக்கை செய்வது. பெரியவர்கள் மனதுக்குள் செய்வார்கள். பெர்சியாளை எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள். ஊர்ச்சபை முழுவதும் உட்கார்ந்திருந்தது. "நான் ஆண்டவரோட பழத்தத் திருடித் தின்னுட்டேன்" என்றாள். வார்டனம்மா, "எல்லாத்தையும் சொல்லு" என்றார்கள். சொல்ல அவளிடம் வேறொன்றும் இல்லை. யோசித்தாள். "ரொம்ப இனிப்பா இருந்துச்சு. அதான் முழுசையும் தின்னுட்டேன்."

அந்தப் பழம் இனிக்கவே இல்லை. பாதி அழுகல். உள்ளே முத்துகள் வெளுத்துப்போய், ஒரு பக்கம் புழு. பார்த்தீர்களா, ஆண்டவர் சந்நிதியில் நின்றுகொண்டு அவள் பொய் சொன்னாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் ஒன்றும் தெரியாத தேவதை என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

எனக்கு எப்படித் தெரியும் என்றா?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா. பிள்ளைகள் படிப்பு நேரத்தில் இருந்தார்கள். நான் மரத்துக்குத் தண்ணீர் விடப் போனேன். அது என் வேலைதான். ஒரு பை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் பழம் வெடித்திருக்கிறது. வெடித்த பழத்தைக் கோயிலில் வைக்க முடியுமா? பறித்தேன். நல்ல சிவப்பு, வெளியே பார்க்க அவ்வளவு அழகு. ஏன் வாயில் போட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. பசி இல்லை. அந்த மரத்துப் பக்கம் போகாதே என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை, அது பிள்ளைகளுக்குச் சொன்னது. நல்ல பக்கத்தைத் தின்றேன், மிச்சத்தை வாழை மரத்தடியில் புதைத்தேன். பையை மறுபடி கட்டிவிட்டேன். எனக்கு எதையும் அவிழ்த்தது அவிழ்த்தபடி போடப் பிடிக்காது.

காலையில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. வார்டனம்மா அறைக்குப் போய், 'ஒரு பழம் வெடிச்சிட்டு, எடுத்துட்டேன்' என்று சொன்னால் முடிந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். களவாணி என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முன்னால் அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? எனக்குக் கூட்டத்தில் பேச வராது என்று உங்களிடம் முதலிலேயே சொன்னேனே.

ஆனால் ஒன்று. நான் சும்மா இருக்கவில்லை. முப்பத்தொன்பதாவது சீட்டு, அதுதான் என் சீட்டு. பெயர் எழுதவில்லை, யார் கண்ணிலாவது பட்டுவிடுமே. ஆனால் ஆண்டவருக்குத் தெரியும் அது யாருடையது என்று. டின்னில் போடும்போது ஜெபித்தேன். ஆண்டவரே, இதை எடுத்தீரானால் அந்த இடத்திலேயே எழுந்து சொல்லிவிடுகிறேன். என் பங்கை நான் செய்துவிட்டேன், இனி உம்முடைய சித்தம். நேசமலர் கை டின்னுக்குள் போனபோது நான் கண்ணை மூடவில்லை. என் சீட்டு மை ஊறாமல் வெளுப்பாக ஓரமாக மேலே கிடந்தது, எனக்குத் தெரிந்தது. அவள் கை அதைத் தொட்டது அக்கா. தொட்டுவிட்டு அதைத் தாண்டிப் போனது.

இப்போது சொல்லுங்கள். தாண்டிப் போனது யாருடைய வேலை? நானா அவள் கையைத் திருப்பினேன்? அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியென்றால் பெர்சியாளை வைத்து அவர் ஏதோ நினைத்திருந்தார் என்றுதானே அர்த்தம்?

இலைக்கட்டு என் மேல் சாய்கிறது. பரவாயில்லை.

திங்கட்கிழமை அவளை அனுப்பினார்கள். பண்டிகைக்கு மிச்ச நான்கு பழமும் போய்விட்டது, மறுநாளே அனுப்பிவிட்டார்கள். வார்டனம்மா, "மத்ததுகளுக்கு ஒரு பாடமா இருக்கட்டும்" என்றார்கள். பெர்சியாள் என் முன்னால் அழுதது அன்றைக்குத்தான். போர்டிங்கை விட்டு வந்தால் இறால் கம்பெனிதான் என்று, வீட்டில் அம்மா இடத்தில் இருக்கிற அவள் சித்தி முன்பே சொல்லி வைத்திருந்தாளாம். என் அறைக்கு வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், நான் அடுப்படியில படுத்துக்கிடுதேன். பாத்திரம்லாம் நானே கழுவுதேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் விடச் சொல்லுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வார்டனம்மா கேப்பாங்க மிஸ்."

போனேன். போகாமல் இல்லை. வார்டனம்மா அறை வாசலில் போய் நின்றேன். ஜெபித்துக்கொண்டே நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேதம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தரையில் என் நிழல் விழுந்திருக்கும்போல. "யாரது, வாசல்ல?" என்றார்கள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பெர்சியாளிடம், "சொல்லிப் பார்த்தேன் பெர்சி, முடியாதுன்னுட்டாங்க" என்றேன். அவள் மனம் ஆறுவதற்காகத்தான். எனக்காக ஒருத்தர் பேசினார் என்ற ஆறுதலாவது இருக்கட்டுமே.

அவளுக்கு மாற்றுத்துணி சரியாக இல்லை. என்னுடைய பச்சைச் சுடிதார் ஒன்று, இரண்டு முறைகூட உடுத்தியது இல்லை, அதை நானே போட்டுவிட்டேன். கை நீளமாக இருந்தது. மடித்து இரண்டு பக்கமும் ஊக்கு குத்திவிட்டேன். "ஊருக்குப் போனதும் டெய்லர்கிட்ட கொடுத்துச் சின்னதாக்கிக்கோ" என்றேன். வேறு யார் செய்தார்கள்? வார்டனம்மா செய்தார்களா? பிள்ளைகள் எல்லாரும் கஞ்சி போய்க் குழம்பு வந்த சந்தோஷத்தில் இருந்தார்கள். வாசல்வரை போனது நான் ஒருத்திதான். கேட்டைப் பூட்டிவிட்டு வந்ததும் நான்தான், சாவி என்னிடம் இருந்தது.

இதோ பாருங்கள், ஜெபத்துக்கு அனுப்பிய அழைப்பு. போனில் சரியாகத் தெரிகிறதா? மேலே அவள் படம். கம்பெனியில் சேரும்போது எடுத்ததாம். பச்சைச் சுடிதார். இங்கே, கையைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன். பளபள என்று ஒரு பொட்டு மாதிரி தெரிகிறதே, அதுதான் ஊக்கு. நான் குத்திய அதே ஊக்கு. கம்பெனிக்குப் போகும் முன் ஊரில் இருந்த மூன்று மாதத்தில் ஒரு கையை மடித்துத் தைத்துக் கொடுக்க அந்த வீட்டில் ஆளில்லை. அப்படிப்பட்ட வீடு அக்கா அது. இப்போது மட்டும், 'எடுத்தாளா எடுக்கலையா' என்று கேட்கிறார்கள்.

பேச வேண்டியதை எழுதி வைத்திருக்கிறேன். படிக்கட்டுமா? சின்னதுதான். 'பெர்சியாள் அன்பான பிள்ளை. அறிவுள்ள பிள்ளை. அவள் கேட்ட கேள்விகளை நாங்கள் மறக்க மாட்டோம். தவறு செய்யாத மனிதர் உலகத்தில் யார் இருக்கிறார்கள்? ஆண்டவர் அவளை மன்னித்து, தம்முடைய தோட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.' கடைசி வரியை நான்கு முறை மாற்றி எழுதினேன்.

நன்றாக இல்லையா? உங்கள் முகம் ஒரு மாதிரி இருக்கிறது.

தெரிகிறது, அதில் அந்த ஒரு வார்த்தை இல்லை. அவர் கேட்டது இல்லை. இருக்கிறது, இருக்கிறது, காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பென்சிலில். 'அவள் எடுக்கவில்லை.' இவ்வளவுதான். அடுத்த வரி என்ன என்று கேட்பார்களே, அதைத்தான் எழுதவில்லை. அவள் எடுக்கவில்லை என்றால் பிறகு யார் என்று கேட்பார்கள் இல்லையா? பத்துப் பேர் இருப்பார்கள். இடுப்பு போன மனிதர் கட்டிலில் படுத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார். பெர்சியாள் மாதிரியே தலையைச் சாய்த்துப் பார்ப்பார், எனக்குத் தெரியும், ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் சொல்ல முடிந்தது. ஆச்சரியமாக இருக்கிறது. இவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன், நாக்கு குழறவே இல்லை. இதே மாதிரி அங்கேயும் சொல்லிவிட முடியும் என்று நினைக்கிறீர்களா? முடியும். ஒரு வார்த்தைதானே. முதலில் ஜெபம் செய்துவிட்டு, பிறகு சொல்லிவிடலாம். இல்லை, முதலில் சொல்லிவிட வேண்டும். போனவுடனே. செருப்பைக் கழற்றும் முன்னாலேயே.

வண்டி மெதுவாகிறதே.

அதற்குள்ளாகவா? முக்கால் மணி நேரம் என்றாரே. அதோ அந்த மஞ்சள் போர்டு, கோயில் கோபுரம் தெரிகிறது. பெர்சியாள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன், விலக்கிலிருந்தே தெரியுமாம்.

"கிருபாபுரம்! கிருபாபுரம் விலக்கு எறங்கணும்!"

அக்கா. அக்கா, நகராதீர்கள். வழி விட வேண்டாம், அப்படியே உட்காருங்கள்.

"கிருபாபுரம் ஒரு டிக்கெட் ஏறுச்சே, எங்க? ஏம்மா, எங்க இருக்க?"

அந்த இலைக்கட்டைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடியுங்கள். இந்தப் பக்கம், என் முகத்துக்கு நேராக. நான் குனிந்துகொள்கிறேன். உங்களைக் கும்பிடுகிறேன் அக்கா, ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அவர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்ப்பார். பிறகு விசில் ஊதிவிடுவார்.